மினுக்கு மாமாவின் மேசை

அச்சகத்தில் விளம்பரப் பலகைகளைப் பரப்பி அவற்றின்மேல் அச்சடிக்கும் பெரிய இயந்திரம் மினுக்கு மாமாவின் பொறுப்பில் இருந்தது. முதலாளி அவர் தங்கையைக் கட்டியவர் என்பதால் தகுதி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இயந்திரத்தின் மேசை முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். கீழே இருக்கும் பம்பு அவற்றின் வழியே காற்றை இழுத்து, பலகையை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாமாவோ சிந்திய மையைத் தினமும் ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து அந்தத் துளைகளுக்குள்ளேயே அனுப்பிவைத்தார். இயந்திரத்தின் விளக்கொளி பட்டால் கல்லாக இறுகிவிடும் மை அது. மேசை வழவழவென்று மின்னியது. வருகிறவர்களிடம், "இதுல முகம் பார்த்துத் தலை சீவலாம்" என்று பீற்றிக்கொண்டார்.

நேற்று ஒரு பலகையின் ஓரம் எழும்பி, மை தெளித்தபடி மேலே ஓடிவந்த அச்சுத்தலையில் இடித்தது. தலை தப்பியது பெரிய காரியம்.

"பலகைக்குத் திமிரு, மாப்பிள்ளை" என்றார் மாமா, ஓடிவந்த முதலாளியிடம்.

"துளையெல்லாம் எங்க, மச்சான்?"

"அது அசிங்கமா இருந்துச்சு."

முதலாளி தன் மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி, மச்சானிடம் நீட்டினார். "இன்னொரு தடவை இடிச்சா நீ வீட்டோட இருந்துடு, அண்ணா" என்றாள் தங்கை.

இன்று மாமா ஊசியும் கையுமாகத் துளைகளைக் குத்திக்கொண்டிருந்தார். எட்டிப்பார்த்த வாடிக்கையாளரிடம் அலுத்துக்கொண்டார்: "காத்து போக வழியே வைக்காம மெஷின் செஞ்சிருக்கான் பாருங்க. எல்லாத்தையும் நாமதான் சரிபண்ண வேண்டியிருக்கு."