அழிக்க முடியாத அஞ்சலி பேனர்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு நடந்தது மே மாதம், பட்டப்பகல், தார் ரோடு கொதிக்கிற நேரம். கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் பிரதீபா. புதுப்பட்டினம் பஜாரில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான். அன்று முதலாளி ஃபிளெக்ஸ் ரோல் வாங்கச் செங்கல்பட்டு போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

இடுப்பில் குழந்தையோடு சிநேகா உள்ளே வந்தாள். முந்தின வாரம்தான் அவள் புருஷன் ஏசுதாஸுக்கு அஞ்சலி பேனர் அடித்துக் கொடுத்திருந்தேன். பாவம், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு மாமல்லபுரத்தில் குளிக்கப் போனவரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. தேடி ஓய்ந்து, ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’ என்று பேனரும் கட்டி, ஜெபமும் நடத்திவிட்டார்கள்.

ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அக்கா, அவரு வந்துட்டாரு! உசுரோட கீறாரு!”

“இன்னாடி சொல்ற?”

“நேத்து விடியக்காலைல வந்து கதவத் தட்னாரு. மொதல்ல அந்த பேனர் ஃபைல அழிங்கக்கா. உசுரோட கீற மனுசனுக்கு அஞ்சலி இருந்தா வெளங்குமா? நெஞ்சு பதறிக்கினே கீது.”

வாசல் பெஞ்சைக் காட்டினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. முதுகு முழுக்க ஈரம். வெயில்... வேர்வை என்று நினைத்தேன்.

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. உடனே ஃபைலைத் தேடிப் பிடித்து டெலிட் அமுக்கினேன்.

‘இந்த ஃபைல் வேறு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது. அழிக்க முடியாது.’

வேறு இடமா? எல்லாவற்றையும் மூடினேன். மறுபடி அமுக்கினேன். போய்விட்டது. “அழிச்சாச்சு” என்று அவளிடம் சொல்லித் திரும்பினால்... ஃபைல் அதே இடத்தில் இருந்தது.

வெளியே அவர் இருமினார். தண்ணீர் புரையேறின மாதிரி.

கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன். இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்க மாட்டேன். சனியனே, நீயா நானா பார்த்துவிடலாம்! வேரோடு அழிக்கிற சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் போட்டு ஓட விட்டேன்.

பத்து சதவீதம். இருபது.

வெளியே இருமல் அதிகமானது. சிநேகா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

முப்பது...

அவர் எழுந்து கடைப்பக்கம் திரும்பினார். ஏசுதாஸ்தான். அதே முகம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகுதான் சட்டையைப் பார்த்தேன்.

பாக்கெட் வலது பக்கம் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பேனரில் முகம் எழுத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவோம். ஏசுதாஸ் படத்தையும் அப்படித்தான் திருப்பினேன். இடது பாக்கெட் வலது பக்கம் போனது. இடது கன்னத்தில் இருந்த மருவும் வலது பக்கம் போனது.

யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த மருவைப் பார்த்தேன்.

வலது கன்னத்தில் இருந்தது.

ஐம்பது...

அவருக்கு மூச்சு முட்டியது. வாயிலிருந்து தண்ணீர்... கொட கொடவென்று. நிற்கவே இல்லை. “ஐயோ, யாராவது வாங்களேன்!” என்று சிநேகா அலறினாள். குழந்தை “ப்பா... ப்பா...” என்று கையை நீட்டியது.

அறுபது...

விட்டால் ஃபைலோடு அவரும் அழிந்துவிடுவார். அது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அவர் என்னையே பார்த்தார்.

முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

தண்ணீர் நின்றது. மூச்சு வந்தது. சிநேகா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, “அழிச்சிட்டீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“அழிச்சிட்டேன். நீ கூட்டிகினு போ.”

அவர்கள் போன பிறகு கடை ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். இரண்டு நாள் காய்ச்சல்.

மறுவாரம் ஏசுதாஸின் தம்பி ஜான்சன் கடைக்கு வந்தான். சதுரங்கப்பட்டினம் பக்கம் உடம்பு கரை ஒதுங்கிவிட்டதாம். முகம் அடையாளம் இல்லை. முன்பு ஒருமுறை லாரி மோதியபோது காலில் பொருத்திய இரும்புத் தகட்டை வைத்து அண்ணன்தான் என்று உறுதி செய்தார்களாம். அலை இழுத்த அன்றைக்கே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். அடக்கமும் முடிந்துவிட்டது.

“அப்போ வூட்டுக்கு வந்தவரு?” என்றேன்.

“யாரு வந்தா?” என்றான் ஜான்சன். “எங்க வூட்டுக்கு யாரும் வரலியே. அண்ணிதான் ரூம்ப சாத்திக்கினு தனியா பேசிக்கினு கீது.”

அன்று சாயங்காலமே சிநேகா போன் செய்தாள். அழுகை இல்லை. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

“அக்கா, அன்னிக்கு நீங்க அழிக்கல. எனக்குத் தெரியும்.”

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஃபைல் அங்கேயேதான் இருந்தது.

“அழிச்சிடாதீங்கக்கா. உங்க கால்ல வேணா வுழறேன். பாப்பா இப்போ அவரு மேல கையப் போட்டுகினுதான் தூங்குது.”