ஹால் படத்தில் பல்லி எங்கே?

செவிலிமேட்டுப் புது வீட்டு ஹாலில் மாட்ட இன்று ஓவியம் வாங்கப் போனோம். எனக்குப் பிடித்தது மஞ்சளும் சாம்பலும் தீற்றிய ஓர் அப்ஸ்ட்ராக்ட்.

“இது இன்னாங்க?” என்றாள் மனைவி.

“உங்களுக்கு இன்னா தோணுதோ அதாம்மா,” என்றார் கடைக்காரர்.

அவள் உற்றுப் பார்த்தாள். “கோயில்ல தொட்டுக் கும்புடுவோமே தங்கப் பல்லி, அதே மாதிரி இருக்குது.” தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஆமாம்மா.” அவரும் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு மட்டும் தெரியவில்லை.

மாலையில் படத்தை ஹாலில் மாட்டியதும் மாடி வீட்டு அக்கா வந்தார். பல்லியைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நேராகப் போய்த் தொட்டுக் கும்பிட்டார்.

“தலை எந்தப் பக்கம்க்கா?” என்றேன்.

“இன்னாபா, காஞ்சிபுரத்துலயே இருந்துக்கினு இப்டி கேக்கற?”

படம் கீழே. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். மனைவி குங்குமத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பல்லி நெற்றியில் பொட்டு வைக்கச் சொல்லி நிற்கிறாள்.