மைக் பொத்தானும் என் காதும்

பெங்களூரிலிருந்து மகள் அனுப்பிய அந்தப் பெட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். இத்தனூண்டு சாமானுக்கு இம்புட்டு அட்டையா என்று போனில் கேட்டேன். அவள் அதன் அருமை பெருமைகளை அடுக்கினாள். நாலு கே படம், தியேட்டர் மாதிரி சத்தம், உள்ளே மெமரி அதிகம், டிவிக்குப் பின்னால் சொருகி வைஃபை கொடுத்தால் உலகத்துப் படமெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடுமாம். எங்கள் டிவியோ பழசு, அதற்கு நாலு கே எல்லாம் தெரியாது. விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் எதுக்குட்டி என்றேன்.

அவள் அனுப்பியது படத்துக்காக இல்லை, ரிமோட்டுக்காக. அதில் இருந்த சில பொத்தான்களில் ஒன்று மைக். அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினால், பேசியது திரையில் எழுத்தாக வரும், பிறகு அதற்குத் தக்க படங்கள் வரும். டாக்டர் பேசிப் பழகச் சொன்னாரே, அப்பாவை இதில் பேச வையுங்கள் என்றாள்.

என் வீட்டுக்காரர் ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முன்படியில் தொங்குகிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி, வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். பக்கவாதம் வந்து வலது கையோடு அந்தக் குரலையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாயில் வந்ததெல்லாம் அரைகுறைச் சத்தம். ஆமாம் என்றாலும் தலையை ஆட்டுவார், இல்லை என்றாலும் அதே ஆட்டல்தான். அதை நம்ப வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

டாக்டர் கிடக்கிறார், எனக்குப் புரியும் என்று இருந்தேன். பார்க்க வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று நான்தான் எடுத்துச் சொல்வேன். அதில் எனக்குக் கர்வம். அடிக்கடி அவர் வாயில் வந்தது, 'தம்ணி' என்பதுபோல ஒரு சத்தம். தண்ணி கேட்கிறார் என்று டம்ளரோடு ஓடுவேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெதுவெதுப்பாகக் கொடுத்துப் பார்த்தேன். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தேன். குழாய்த் தண்ணி பிடிக்கவில்லையோ என்று கேன் தண்ணி வாங்கினேன். திருப்பிய முகம் திருப்பியதுதான். சீக்காளிக்கு வீம்பு ஜாஸ்தி என்று சிரித்துக்கொண்டே திட்டுவேன்.

அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் தொடங்கி அத்தனை உறவும் இருக்க, சித்தப்பா பெயர் மட்டும் அச்சில் விட்டுப்போனது. இவர் ஒரு எட்டு போய்ச் சமாதானம் சொல்லியிருக்கலாம். என் தம்பிதானே, வராமல் எங்கே போவான் என்று இருந்துவிட்டார். தம்பி வரவில்லை. "எங்கண்ணன் வாயால கூப்பிடட்டும், அப்புறம் அந்த வாசப்படிய மிதிக்கேன்" என்று சொல்லிவிட்டதாகச் சேதி வந்தது. அண்ணனுக்கும் ரோஷம் குறைச்சலில்லை. தினமும் அந்த ஊருக்கே பஸ்ஸில் போய்வந்தும் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கவாதச் சேதி போன பிறகும் கொழுந்தனார் வரவில்லை. வாயே போன மனுஷன் எந்த வாயால் கூப்பிடுவார் என்று நான் வயிறெரிந்தேன்.

பெட்டி வந்த பிறகு சாயங்காலமானால் பயிற்சி. பொத்தானை நான் அமுக்கிப் பிடிப்பேன், அவர் பேசுவார். காப்பி என்று அவர் சொன்னதைக் காவி என்று எழுதி, சாமியார் படங்களாகக் காட்டும். செவிட்டு மூதி என்று அதைத் திட்டுவேன். எனக்குப் புரிவது அதற்குப் புரியவில்லை என்பதில் உள்ளுக்குள் சந்தோஷம்தான். நடுவில் அவர் 'தம்' என்று தொடங்கினாலே பொத்தானை விட்டுவிட்டு டம்ளருக்கு ஓடிவிடுவேன். அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார், திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே முடிவு செய்யாத ஒன்று அந்த வீட்டில் அது மட்டும்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, சளி நெஞ்சில் இறங்கியது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் காலை, கொஞ்சம் தெளிவாகக் கண் விழித்தவர் இடது கையால் ரிமோட்டைக் காட்டினார். ஆசைப்படுகிறாரே என்று வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். மூச்சைச் சேர்த்துக்கொண்டு அதே சத்தத்தைச் சொன்னார். நான் டம்ளரை எடுக்கத் திரும்பினேன்.

திரையில் 'தம்பி' என்று இருந்தது. கீழே அண்ணன் தம்பி படங்களாக வரிசை கட்டி நின்றன.

"இல்ல, தண்ணி கேக்காவ" என்று நான் அந்தப் பெட்டியிடம் சொன்னேன். அவர் இடது கையை எழுப்பித் திரையைக் காட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. நான் கொண்டுபோன ஒவ்வொரு டம்ளரும் அப்போது நினைவுக்கு வந்தது. என் நெஞ்சு அன்றைக்கு உடைந்ததுதான், இன்னும் ஒட்டவில்லை.

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "தம்பி, உங்க அண்ணன் கூப்பிடுதாவ" என்றேன்.

யார் சொன்னது என்று கேட்டார்.

"அவியளே அவிய வாயால சொன்னாவ. ஆஸ்பத்திரில இருந்து வந்த நாளுலருந்து சொல்லுதாவ. எனக்குத்தான் கேக்கல."

அவர் அப்போது தேவதானம் ஊரில் ஒரு கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தாராம். அதை அப்படியே விட்டுவிட்டு, கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். அதற்குள் இவருக்குக் கண் மூடிவிட்டது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. வாசப்படியிலேயே நின்று, நிஜமாகவே கூப்பிட்டாரா மதினி என்றார். நான் டிவியைக் காட்டினேன். யாரும் தொடாமல் கிடந்ததால் அது பாட்டுக்கு மலைப் படமும் கடல் படமுமாக ஓட்டிக்கொண்டிருந்தது. ரிமோட்டை அமுக்கியதும் காலையில் எழுதிய சொல் திரும்பி வந்தது. படித்துவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"அண்ணே, வந்துட்டேன்."

பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, வாயில் தண்ணி ஊற்றுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். டம்ளரை நான் எடுத்தேன். என்னால் முடியவில்லை, கொழுந்தனார் கையில் கொடுத்துவிட்டேன். அவர் ஸ்பூனால் கொஞ்சங்கொஞ்சமாக உதட்டில் விட்டார். பாதி உள்ளே போனது, பாதி தலையணையில் வழிந்தது.

வலுவில்லாமலோ, மனமில்லாமலோ, அந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பவில்லை.