விடத் தெரியாத கை

மெர்டேக்கா என்று மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டில் ஊரே கொடித் துணி வாங்கிக்கொண்டிருந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. கத்தரியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. நூல் பிசகாமல் கிழித்துக் கொடுப்பேன். அன்று காலை சிவப்புத் துணியில் வெட்டு வைத்ததும் கத்தரி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். விரல் கத்தரியைத் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. துணி வாங்க வந்திருந்த ஒரு அம்மா, "என்னண்ணே, வாய் ஒரு பக்கமா போவுது?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், எச்சில்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் வாதம் என்றார்கள். இரண்டு வாரத்தில் வாய் நேராகிவிட்டது. பேச்சும் திரும்பியது. அது மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். கால் லேசாக இழுத்தது, பரவாயில்லை. வலது கைதான் வரவே இல்லை. தோளில் யாரோ மாட்டிவிட்டுப் போன அரிசி மூட்டை மாதிரி தொங்கியது.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். நான் விழுவதற்கு முன்பே நிச்சயம் செய்தாகிவிட்டது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய வாரம், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அண்ணன் வந்தார். காப்பியைக் குடித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, கோவிச்சுக்காத. தாரை வாக்கறத நானும் ஒங்க அண்ணியும் பாத்துக்கறோம். கொறப்பட்ட கையால பொண்ணக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு பேசுவானுங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "எம் பொண்ண நான்தான் குடுப்பேன். கை வரலன்னா கல்யாணமே வேணாம், தள்ளி வைங்க!" என்று கத்திவிட்டேன். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மகள் அங்கேதான் இருந்தாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிடா. பந்தக்கால் நடற அன்னைக்குப் பாப்போம். அதுக்குள்ள கை வந்திருந்தா நீ குடு. இல்லன்னா நான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

"நல்லா இருக்கு! மாப்பிள வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன ஆவறது? ஒங்க ரோஷத்துக்கு அவ வாழ்க்கையா கெடச்சுது?" என்றாள் மனைவி. அவள் கேட்டது நியாயம். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், பயந்து போயிருந்தேன். ராத்திரி புரண்டு படுத்தால் அந்தக் கை முதுகுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். யாரோ பக்கத்தில் படுத்திருக்கிறார்கள் என்று திடுக்கிட்டு விழிப்பேன்.

சாப்பாடு பெரிய சண்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் மிஸ்ஸி, "இடது கையால சாப்புடுங்கண்ணே, பழகிரும்" என்றாள். நல்ல பிள்ளை, நல்லதுக்குத்தான் சொன்னாள். "திங்கிற கை எது, கழுவுற கை எதுன்னு ஒனக்கு வித்தியாசமே இல்லையா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். வீட்டில் மனைவி ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இடது கையை என் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொள்வேன். பசியில் அது தட்டுப் பக்கம் போய்விடக் கூடாதே! வலது கையைத் தோளால் தூக்கிச் சோற்றில் போடுவேன். ஒரு பருக்கை ஒட்டினால் அதை நக்குவேன். நாய் மாதிரிதான், வேறென்ன. அரை வயிறும் நிறையாமல் எழுந்த நாள் எத்தனையோ. இந்த வறட்டுப் பிடிவாதம்தான் அந்தக் கையைச் சும்மா கிடக்க விடாமல் செய்தது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். அப்போது அது எங்கே தெரிந்தது? மானம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு நாள் குளிக்கும்போது கட்டை விரல் அசைந்தது. "ஏய், இங்க வா!" என்று நான் போட்ட கூச்சலில், விழுந்துவிட்டேன் என்று நினைத்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். விரலைக் காட்டினேன். இன்னொரு முறை அசைத்துக் காட்டச் சொன்னாள். அசைந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகைதான்.

தீபாவளிக்குள் பிடி வந்துவிட்டது. டம்ளரைப் பிடித்தேன், கதவைப் பிடித்தேன். ஆனால் பிடித்ததை விட முடியவில்லை! டம்ளரை மேசையில் வைத்தால் கையும் அதோடு அங்கேயே இருக்கும். மனைவி வந்து ஒவ்வொரு விரலாக உரித்து எடுக்க வேண்டும். கோயிலில் விபூதி எடுத்தேன், மூடிய விரல் திறக்கவே இல்லை. நெற்றிக்குப் போகவேண்டியதை முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அதைப் பார்த்துச் சிரித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட கம்போங் செட்டிக்காரர். நாம் கும்பிடும் சாமியைத்தான் கும்பிடுவார், நம்மைவிட ஆசாரமாக விரதம் இருப்பார். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். "பெகாங் தாவு, லெபாஸ் தாக் தாவு" என்றார். பிடிக்கத் தெரியுது, விடத் தெரியலையாம்.

மறுநாள் சாயங்காலம் தன் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டார். அங்கே அவர் மனைவியின் சொங்காக் பலகை இருந்தது. நம் பல்லாங்குழி மாதிரிதான், படகு வடிவத்தில் மரம், குழி நிறையச் சோழி. "பொம்பளப் புள்ளைங்க வெளையாட்டா நமக்கு?" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒரு குழிச் சோழியை அள்ள வேண்டும், அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எனக்கு அள்ள வந்தது. போடும்போது ஒன்றும் விழாது, இல்லையென்றால் மொத்தமும் விழுந்துவிடும். விழுந்தால் என் ஆட்டம் போச்சு. மனுஷன் கொஞ்சம்கூட இரக்கம் காட்டவில்லை. ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடுப்பார் என்று பார்த்தேன், ம்ஹூம். "லெபாஸ்! லெபாஸ்!" என்று, விடு விடு என்று, கோழி விரட்டுகிற மாதிரி கத்துவார்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் பலகையை எட்டி உதைத்தேன். சோழியெல்லாம் வாசலுக்கு முன்னால் இருந்த சாக்கடையில் போய் விழுந்தது. அவர் எழுந்து போய், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவிக் கொண்டுவந்து குழிகளில் நிரப்பினார். "லாகி" என்றார். மறுபடி ஆடு என்கிறார். வெட்கமாகப் போய்விட்டது. ஆடினேன்.

மார்கழி முழுக்க அப்படித்தான். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே விரலை நினைத்தால் அது திறக்கிறது என்று கண்டுபிடித்தேன். முதலில் மூன்று சோழி வரிசையாக விழுந்தது, பிறகு ஐந்து. பந்தக்கால் நட வந்த அண்ணனிடம் ஒரு கொட்டைப் பாக்கைக் கொண்டுபோய், அவர் உள்ளங்கையில் வைத்து, கையைத் திறந்து காட்டினேன். அவர் பாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீயே குடுடா" என்றார். பாக்கை மடியில் முடிந்துகொண்டார். அன்று ராத்திரிதான் பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. மகளின் வலது கையை என் வலது கையில் வாங்கினேன். வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். மாப்பிள்ளையின் கையில் அவள் கையைச் சேர்த்தேன், மனைவி செம்பிலிருந்து நீர் வார்த்தாள். இனி நான் என் கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. செம்பில் தண்ணீர் தீர்ந்துபோனது. குருக்கள் என்னைப் பார்த்தார். "ஐயோ, மாட்டிக்கிச்சு போல, பாவம்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். விரல்களைப் பிரித்துவிட அண்ணன் எழுந்து வந்தார்.

"இருங்கண்ணே, நானே எடுக்கறேன்" என்றேன். கட்டை விரல் திறந்தது, பிறகு மற்ற விரல்களும் வரிசையாகத் திறந்தன. கூட்டம் பெருமூச்சு விட்டது. நாயனக்காரர் உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஊதினார்.

பந்தியில் அண்ணன் எல்லோரிடமும், "கடேசி நேரத்துல கை லேசா மக்கர் பண்ணிருச்சு. பரவால்ல, சமாளிச்சுட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டு, வலது கையால் ரசம் சோறு சாப்பிட்டேன். என் மனைவிக்குக்கூட இதுவரை சொன்னதில்லை. அன்று அந்தக் கைக்கு ஒரு கோளாறும் இல்லை. விடு என்று நான்தான் அதற்குச் சொல்லவில்லை.