கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை

அருங்காட்சியகத்துக்கு வருவதற்கு முன் நொசிபெலே ஒன்பது வருஷம் டாக்சி நிலையத்தில் ஆட்டுத்தலை அவித்து விற்றவள். இங்கே முதலில் தரை துடைத்தாள். கை நடுங்காதவள் என்று தெரிந்ததும், பாறைக்குள் புதைந்த எலும்பை ஊசியால் பிரித்தெடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

ஒரு மார்ச்சில் அவளிடம் வந்தது கட்டைவிரல் அளவு மண்டையோடு. ஆதி காலத்து ஊர்வன. கண்குழிக்குப் பின்னால் மண்டை மூடியிருந்தால் ஒரு பிரிவு, துளையிருந்தால் வேறு பிரிவு என்று அவற்றை வெகுகாலமாக வகுத்து வைத்திருந்தார்கள். இந்த இனம் மூடிய மண்டைக்காரர்களோடு இருந்தது.

மூன்றாம் வாரம், இடது கண்குழிக்குப் பின்னால் அவள் பாறையை நீக்க நீக்க, எலும்பு தட்டுப்படவே இல்லை. துளை.

அந்த எலும்புகளை ஆராயும் டாக்டர் லுடுமோ குனிந்து பார்த்தான். அவளைவிட இளையவன், அக்கா என்ற அர்த்தத்தில் சிசி என்றுதான் கூப்பிடுவான்.

"சிசி, ஊசி வழுக்கிடுச்சா?"

"என் ஊசியா? உடைஞ்ச எலும்பு கையைக் கிழிக்கும். இதோட ஓரத்தைப் பாருங்க, வழுவழுன்னு இருக்கு."

"ஒரு பக்கத்தை வச்சு எப்படி நம்புறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. கல்லைத் திருப்பி வைத்தாள். வலப்பக்கத்தை வெளியே கொண்டுவர ஐந்து வாரம் ஆனது. அங்கேயும் துளை, அதே இடத்தில்.

"அப்ப இதே இனத்தோட பெரிய மண்டை எல்லாம் ஏன் மூடியிருக்கு?" என்றான் லுடுமோ, தனக்குத்தானே.

நொசிபெலே இழுப்பறையிலிருந்து பெரிய மண்டை ஒன்றை எடுத்து விளக்கடியில் சாய்த்தாள். துளை இருக்க வேண்டிய இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு.

"ஆயிரக்கணக்கில ஆட்டுத்தலை சுரண்டியிருக்கேன், டாக்டர். குட்டியோட மண்டை விரிசல் விரிசலா இருக்கும். கிழட்டு ஆட்டுல எல்லாம் ஒட்டிப்போயிடும். இது குட்டி. அது கிழடு."

லுடுமோ இரண்டு மண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "ஊசி வழுக்கிடுச்சான்னு கேட்டேனே, மன்னிச்சிடுங்க சிசி."

"கேக்க வேண்டியதுதான். ஆனா கேட்ட தொனி சரியில்ல."

மறு வருஷம் வந்த கட்டுரையில் லுடுமோவின் பெயரை அடுத்து அவள் பெயரும் இருந்தது. அந்த இனம் பழைய பிரிவில் இனி இருக்க முடியாது. எங்கே வைப்பது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மண்டையோடு வைக்கும் இழுப்பறைக்குப் புதுப் பெயர்ச்சீட்டு எழுதச் சொன்னபோது, பிரிவின் பெயருக்குரிய இடத்தை நொசிபெலே வெறுமையாக விட்டு, இழுப்பறையை மெல்லச் சாத்தினாள்.