அப்பம் சுட்டும் உண்ணாதிருந்த ரூத் அக்கா

என் கணவர் முருகேசன் ஷிப்ட்டின் நடுவில் வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. போன வியாழக்கிழமை காலை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார். "ரூத் அக்கா போயிட்டாங்க கிரேஸ். கேன்டீன்ல சொன்னாங்க," என்றார். சுரங்கக் கேன்டீனில் பல வருஷமாகக் கான்ட்ராக்டில் இட்லி அவித்தவர் அக்கா. முத்தாண்டிக்குப்பத்தில் வீடு. வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார்.

நம் சபையாரில் பலருக்கு அக்காவை என்னைவிட அதிக காலம் தெரியும். ஆனால் எனக்கும் அவருக்கும் இடையில் நடந்தது உங்களில் சிலருக்குப் பாதிதான் தெரியும். அதனால் நம் சபை இதழில் எழுதுகிறேன்.

நாங்கள் நெய்வேலிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. முருகேசனுக்கு இங்கே சுரங்கத்துக்கு மாற்றலாகி, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. நகரியத்தில் பழகிக்கொள்வது சுலபம். எல்லாருமே வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். "எந்த ஊரு?" என்று கேட்ட கையோடு "எந்த ஷிப்ட்?" என்று கேட்பார்கள், அதற்குள் ஒரு கிண்ணம் குழம்பு வந்துவிடும். எனக்குக் குறையாக இருந்தது சபை ஒன்றுதான். நான் சேந்தமங்கலம் பக்கத்துப் பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள். இங்கே பாப்டிஸ்ட் சபை எங்கே என்று விசாரித்தால் ஒருவர் மாதா கோயிலுக்கு வழி சொன்னார். இன்னொருவர் கைதட்டிப் பாடும் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் வேதத்தைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைக்கிற சபையில் வளர்ந்தவளுக்கு வேறெங்கும் மனசு ஒட்டவில்லை. மூன்று மாதம் அலைந்த பிறகு, முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில், சிமென்ட் ஷீட் கூரை போட்ட நம் சபையைக் கண்டுபிடித்தேன். முருகேசன் என்னை வண்டியில் இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டார். அவர் இந்து. எங்கள் கல்யாணத்தோடு ஊர்ச் சபையின் உறுப்பினர் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். போதகர் மென்மையாகத்தான் கேட்டார்: "முந்தின சபையிலேருந்து உறுப்பினர் கடிதம் கொண்டாந்திருக்கீங்களாம்மா?" இல்லை என்றேன்; பெயரை அடித்த சபை எப்படிக் கடிதம் தரும்? கடிதம் இல்லாதவருக்கு திருவிருந்தின் அப்பமும் இல்லை, திராட்சை ரசமும் இல்லை. நான் வளர்ந்த சபையின் ஒழுங்கும் அதுதான். குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். தெரிந்த பாட்டு, தெரிந்த வசனம், ஆனால் அப்பத் தட்டு என்னைத் தாண்டிப் போனது.

அடுத்த மாதம், தட்டு வருகிற நேரத்தில் முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டு வந்தது. அவரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே. அவர்தான் ரூத் அக்கா.

உறுப்பினர் ஒருவர் அப்பம் எடுக்காமல் கடைசியில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தெரியும். ஏதோ பாவம் செய்திருக்கிறார், சபை தள்ளி வைத்திருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் வெட்கமானதையும் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவர் பேச வந்தால் பட்டும் படாமலும் பதில் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவேன்.

ஏழாவது மாதம் போதகரின் மனைவியிடம், "பாவம் அந்த அக்கா, இன்னும் எத்தனை மாசத்துக்குத் தண்டனை?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரூத் அக்காவுக்கா? அப்பத்தைச் சுடுறதே அவங்கதாம்மா. ஞாயித்துக்கிழமை எழுந்ததும் முதல் வேலையா சுட்டு, துணியில மூடி எடுத்துட்டு வர்றாங்க. நீங்க தனியா உட்கார்றீங்கன்னுதான் அங்க வந்து…" என்று நிறுத்திக்கொண்டார். என்னைப் போலவே சபையில் இன்னும் சிலர் அக்காவைத் தப்பாக நினைத்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிய வந்தது. அக்காவுக்கு அது முதலிலிருந்தே தெரியுமாம்.

வெளியே ஓடினேன். அக்கா சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டிருந்தார். "எனக்காக ஏன்க்கா?" என்றேன்.

"நான் சுட்டத நான் துன்னுகினு இருப்பேன், நீ பாத்துகினு இருப்பியா? தொண்டையில எறங்கலம்மா," என்றார். "சட்டம் சட்டமாவே இருக்கட்டும். ஒன்னோட குந்தக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

மறுமாதம் சபைக் கூட்டத்தில் என் பெயர் வந்தது. போதகர் ஊர்ச் சபைக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. கடிதம் இல்லாமல் சேர்த்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து நிற்பார்கள் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதுவும் இல்லை என்றால் இனி எந்தச் சபையையும் தேடப் போவதில்லை என்று அன்று காலையே முருகேசனிடம் சொல்லியிருந்தேன். அப்போதுதான் அக்கா எழுந்தார்.

"நான் முழுக்கெடுத்த அன்னிக்கி எனக்கு எந்தச் சபை கடுதாசி குடுத்துச்சி? எங்க வூட்ல வெளக்கமாத்தாலதான் அடிச்சாங்க. நான் வாயால சொன்னத நம்பித்தான சேத்துகினீங்க? அந்தப் பொண்ணையும் கூப்புட்டு வச்சிக் கேளுங்க."

கூப்பிட்டார்கள். என் விசுவாசத்தைப் பாதி அழுகையில் சொன்னேன். முருகேசனைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் உயர்த்தவில்லை. அவர்கள் இன்றும் எனக்கு அன்பானவர்கள். இதை அவர்களும் படிப்பார்கள்.

அடுத்த முதல் ஞாயிறு போதகர் வலது கை கொடுத்து என்னை ஐக்கியத்தில் சேர்த்தார். அப்பத்தை வாயில் வைத்தேன். பக்கத்தில் அக்காவும் வைத்தார். மென்று விழுங்கிவிட்டு என் காதருகே, "கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்குது, இல்ல? ஏழு மாசமா ருசி பாக்காமயே சுட்டுகினு இருந்துட்டேன்," என்றார். திருவிருந்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை மத்தியானம் முத்தாண்டிக்குப்பம் போனோம். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அக்காவோடு பேசாதிருந்த அவருடைய அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். நான் வாசல் ஓரமாக நின்றேன். அண்ணி நிமிர்ந்து பார்த்து, "நீ அவளுக்கு என்னாம்மா வேணும்?" என்றார். தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். "எனக்காக ஏழு மாசம் கோயில்ல அப்பம் எடுக்காம இருந்தாங்க," என்றுதான் வந்தது. அவருக்கு என்ன புரிந்ததோ, நகர்ந்து இடம் விட்டார். "வந்து குந்து," என்றார்.

அக்கா, உங்களைத் தள்ளி வைக்கப்பட்டவர் என்று நான் நினைத்திருந்ததை இத்தனை வருஷத்தில் உங்களிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சபையாருக்கு ஒன்று. வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பம் சுடுகிற வேலையைப் போதகரிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு யாராவது கடிதம் இல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால், என்னிடம் தட்டை நீட்ட வேண்டாம். நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த இடத்தைத்தான்.