மதினி அறைக் குளவிக்கூடு

கொழும்பில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் ஒருமுறை ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு வர்ணப்பெட்டி வாங்கிவந்தார். சேலை வாங்கிவரவில்லை. "பொண்டாட்டிக்குச் சாயப்பெட்டி வாங்கியாந்த மகராசன்" என்று என் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மருமகன் புகழ் பாடினாள். அவர் திரும்பக் கப்பலேறியதும் நான் தென்காசியில் அம்மா வீட்டோடு வந்துவிட்டேன். யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை.

எங்கள் புறவாசல் பெரியது. கிணறு, நாலைந்து வாழை, ஒரு எலுமிச்சை, மூலையில் விறகுக் கொட்டகை. காலை வேலை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். எலுமிச்சை இலையில் காக்கை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழு, கும்பிடுபூச்சி, ஈர மண்ணில் பிள்ளைப்பூச்சி என்று எது கிடைத்தாலும் வரைவேன். "பூவை வரையேன், லட்சணமா இருக்கும்லா" என்பாள் அம்மா. பூ எனக்கு அலுப்பு. பூச்சிக்கு எப்போதும் ஒரு காரியம் இருக்கும். அந்தக் காரியத்தில் நம்மைப் பற்றி அதற்குக் கவலையே இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

விறகுக் கொட்டகையில்தான் முதன்முதலாக ஒரு குளவிக்கூட்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே அறை அறையாகப் பச்சைப் புழுக்கள் அடைந்து கிடந்தன. செத்தவை என்று நினைத்தேன். தூரிகைக் காம்பால் தொட்டபோது ஒன்று மெல்லச் சுருண்டது. குளவி அவற்றைக் கொட்டி மயக்கி, தன் குஞ்சுக்கு இரையாக உயிரோடு அடைத்து வைத்திருக்கிறது. குஞ்சு ஏற்கெனவே ஒரு புழுவின் மேல் வாயை வைத்துவிட்டிருந்தது. அதை வரைந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் மனைவி, என் மதினி, செங்கோட்டைக்காரி. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு ஒரே வைத்தியம்தான். இன்னொருத்தியைக் கட்டிவைப்பார்கள். சட்டமும் தடுக்காது, ஊரும் கேட்காது. அண்ணன் எதற்கும் வாய் திறக்க மாட்டான், வாய் நிறைய வெற்றிலை இருக்கும். அம்மா தூரத்து உறவில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் குளிக்க வருகிற சாக்கில் பெண் வீட்டார் அவளையும் கூட்டிவருவதாக ஏற்பாடு. இது மதினிக்கும் தெரியும். தெரியாதது போலத் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மதினியின் அறைக்குள் ஒரு குளவி வந்து, ஜன்னலை ஒட்டிய சுவரில் மண் அப்ப ஆரம்பித்தது.

வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அங்கே குழந்தை பிறக்கும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். செம்மண் என்றால் பெண், களிமண் என்றால் ஆண். இது கருத்த களிமண். அம்மா அறை வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏட்டி, யாரும் அதத் தொட்டுராதீங்க. அது பொரிக்கட்டும். அதுவரைக்கும் நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றாள். பெண் வீட்டாரைப் பொறுத்திருக்கச் சொல்லி ஆளும் அனுப்பினாள்.

அந்த மாதம் மதினிக்கு நாள் தள்ளிப்போனது. அம்மா அவளைக் குனிய விடவில்லை, நிமிர விடவில்லை. மதினி வீட்டுக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்ததை அப்போதுதான் கேட்டேன். பிறகு ஒரு காலையில் அவள் வீட்டுக்குத் தூரமாகி, பாயைச் சுருட்டிக்கொண்டு விறகுக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்தான் படம் போட்டுக்கொண்டிருந்தேன். தொடக்கூடாதென்று தள்ளி இருந்தபடியே எட்டிப் பார்த்தவள் அந்தப் பச்சைப் புழுப் படத்தைக் காட்டி, "இது செத்ததா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. உசுரோடதான் இருக்கு. அசைய முடியாது."

"தன்னத் திங்குதுன்னு அதுக்குத் தெரியுமா?"

நான் படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கூட்டில் ஒரு துளை. ஒரு குளவி பொரித்து வெளியே போய்விட்டிருந்தது.

"அத்த இன்னும் பாக்கல" என்றாள். "நீ பூச்சிய உசுரோட இருக்க மாதிரியே வரையுதியே, இத அடைச்சுர முடியாதா? இன்னும் ஒரு மாசம் கெடச்சா போதும்ட்டி."

முடியும். அதுதான் வினை. கிணற்றடிக் களிமண்ணைக் குழைத்து, சாரல் ஈரத்தில் உதிராமலிருக்க வேப்பம்பிசினைக் கரைத்து ஊற்றினேன். துளை அடைபட்டது, ஆனால் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரிந்தது. படத்தில் ஓரிடம் திட்டாகத் தெரிந்தால் முழுவதற்கும் ஒரு பூச்சு கொடுத்துச் சரிக்கட்டுவேன். அதையே இங்கும் செய்தேன். கூடு முழுக்கத் தூரிகையால் பூசி, காயுமுன் விரல் நுனியால் சொரசொரப்பாக்கினேன். கட்டிய குளவியே வந்தாலும் கண்டுபிடிக்காது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா தினமும் வந்து பார்த்தாள். முதலில் சந்தோஷமாகப் பார்த்தாள். பிறகு, "இதென்ன கொளவி, பொரிக்கவே மாட்டேங்கு" என்றாள். சாரலும் வந்துவிட்டது. பகல் முழுக்க மேகம் மலையை மூடியிருந்தது. கணவாய்க் காற்று ஓட்டுக்கூரையைப் பிடித்து உலுக்கியது. எந்தத் துணியும் காயவில்லை. மதினி மறுபடியும் கொட்டகையில் உட்கார்ந்து எழுந்தாள். அதற்குப் பிறகு அம்மா கூட்டைப் பார்க்க வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் வாசலில் வண்டி வந்து நின்றது. பெண் வீட்டார் இறங்கினார்கள். அம்மாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. நான் அவளை அடுக்களைக்குள் இழுத்துப்போய்க் கேட்டேன். "நானா ஒண்ணும் பேசலயே. அவிய அருவில குளிக்க வந்திருக்காவ" என்றாள்.

பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். குற்றாலத்துக்குப் புறப்படுமுன் அவள் தலைக்கு மதினிதான் எண்ணெய் வைத்துவிட்டாள். அருவியில் நின்றுவிட்டு நடுங்கிக்கொண்டு திரும்பியவளைத் துவட்டி, தன் அறையிலேயே படுக்கவைத்துப் போர்த்தியும் விட்டாள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் பெரியவர்கள் விலைவாசி பேசிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். "யக்கா, சுவத்துல என்னமோ பிறாண்டுது."

மூவரும் காது கொடுத்தோம். மிக மெல்லிய அரவம். அரைக்கும், நிற்கும், மறுபடி அரைக்கும். கூட்டிலிருந்து வெளியே போனது ஒரு குளவிதான். மற்ற அறைகளில் இருந்தவற்றையும் சேர்த்து நான் பிசின் வைத்துப் பூசியிருந்தேன். வெறும் மண்ணைக் கடித்து வெளியே வரவேண்டியவை கல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.

மதினி என்னைப் பார்த்தாள். "உள்ள உசுரோட இருக்கா?"

தலையை ஆட்டினேன். விட்டுவிட்டால் இரண்டொரு நாளில் சத்தம் தானாக நின்றுவிடும், யாருக்கும் தெரியாது என்று சொல்லவும் நினைத்தேன். அவள் காத்திருக்கவில்லை. வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்குவெட்டியை எடுத்துவந்து கூட்டின் மேல் ஓங்கிப் போட்டாள். மண் பெயர்ந்து விழுந்தது. இரண்டு குளவிகள் கால் மடங்கிக் காய்ந்து போயிருந்தன. ஒன்று மட்டும் கசங்கிய இறக்கையோடு தரையில் ஊர்ந்தது.

சத்தம் கேட்டு அம்மா வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பெண்ணைப் பெற்றவர்கள். மதினி பாக்குவெட்டியை முந்தானையில் துடைத்துத் தட்டில் வைத்தாள்.

"பொரிச்சிட்டு அத்த" என்றாள். "இனி பேசுங்க."

பிறகு விருந்தாளிகளுக்கு இலை போடப் போனாள்.

ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. மதினி செங்கோட்டைக்குப் போகவில்லை. அங்கே அவளை வைத்துக்கொள்ள ஆளில்லை. அடுக்களையை ஒட்டிய சிறிய அறைக்குத் தன் பெட்டியை மாற்றிக்கொண்டாள். ஜன்னல் அறை புதியவளுக்குப் போனது.

அடுத்த வருஷம் சாரலுக்குக் கொஞ்சம் முன்னால், நான் புறவாசலில் எலுமிச்சையடியில் வரைந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் கிணற்றடியில் குந்தியிருந்து கருத்த களிமண்ணைப் பிசைந்து, தேங்காய்ச் சிரட்டைகளில் எடுத்து, தன் அறை ஜன்னலுக்குக் கீழே வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி செய்த?" என்று கேட்டேன்.

"கொளவிக்கு" என்றாள், தலை நிமிராமல். "அத்த தெனமும் கேக்காவ. மண்ணு பக்கத்துல இருந்தா சீக்கிரம் வரும்லா?"

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மதினி வாளியைத் தூக்கிவந்து, மண் காய்ந்துவிடாமல் ஒவ்வொரு சிரட்டையிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள்.